முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

முதியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், மயக்கவியல் மருத்துவரான என்னிடம் குடும்பத்தார் தவறாமல் கேட்பது இதைத்தான்: “முதுகில் ஊசியா, முழு மயக்கமா, எது டாக்டர் பாதுகாப்பு?”

“முதுகில் ஊசிதான்” என்று நெடுங்காலம் தயங்காமல் சொல்லிவந்தேன். மூச்சுக்குழாயில் குழாய் செருக வேண்டியதில்லை. மூளையை உறங்கவைக்கும் மருந்தும் குறைவு. மருத்துவமனைப் பதிவேடுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் சிலவும் அதற்கு ஆதரவாகவே இருந்தன.

ஆனால், பதிவேடுகளில் ஒரு சிக்கல் உண்டு. யாருக்கு எந்த மயக்கம் என்று தீர்மானித்தவர்கள் மருத்துவர்கள். இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கு முதுகில் ஊசி போடத் தயங்குவோம். அவர்கள் முழு மயக்கத்தின் பக்கம் சேர்வார்கள். ஏற்கெனவே நலிந்தவர்கள் ஒரு பக்கம் குவிந்தபின் அங்கே இறப்பு கூடினால், பழி மயக்க முறைக்கா, நோய்க்கா?

இதைப் பிரித்தறிய, இரண்டு முறைகளுக்கும் தகுதியானவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரிக்க வேண்டும். 2021இல் வெளியான ‘ரீகெய்ன்’ ஆய்வு அதைத்தான் செய்தது. அமெரிக்கா, கனடாவின் 46 மருத்துவமனைகளில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 1,600 பேர் அதில் பங்கேற்றனர். 60 நாள்களில் இறந்தவர்கள் அல்லது நடைச்சட்டத்தின் துணையோடும் 10 அடி நடக்க இயலாதவர்கள், முதுகில் ஊசி போட்டவர்களில் 18.5%, முழு மயக்கம் பெற்றவர்களில் 18.0%. சிகிச்சைக்குப் பிந்தைய மனக்குழப்பமும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏற்பட்டது. சீனாவில் 950 முதியவர்களிடம் நடந்த ஆய்வும் மனக்குழப்பத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை.

எந்த முறையும் எவருக்கும் பொருந்தும் என்பதல்ல இதன் பொருள். ஒரு முறை ஆபத்தானது என மருத்துவக் காரணம் இருந்தால், அதைத் தவிர்த்தே ஆக வேண்டும். இரண்டும் பொருந்துகிறவர்களுக்கோ, எது உயர்ந்தது என்ற விவாதத்தில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது வீண். விரைவில் எழுந்து நடக்கவைப்பதிலேயே அக்கறை வேண்டும்.

இப்போது அந்தக் கேள்வி வரும்போது, படுக்கையில் இருக்கும் பெரியவரிடம் திரும்புகிறேன். விழித்திருக்க அவருக்கு அச்சமா, உறங்கவா என்று கேட்கிறேன். பலன் சமமாக இருக்கையில், தேர்வு அவருடையது. அதை இத்தனை காலம் நானே செய்துவந்தேன்.