லீவு கணக்கைச் சிறுநீரகத்திடம் கேளுங்கள்

நேபாளத்தின் லுக்லா விமான நிலையம் சுமார் 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவர்கள் அந்த உயரத்தைத் தாண்டிய இடத்தில்தான் நடக்கவே தொடங்குகிறார்கள்.

லீவு கேட்கும்போது பலரும் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். போக சுமார் 65 கிலோமீட்டர். நாளுக்குப் பதினைந்து நடந்தால் ஐந்து நாள் போதாதா? கால்களுக்குப் போதும். சிறுநீரகத்துக்குப் போதாது.

5,364 மீட்டரில் இருக்கும் முகாமிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், மெரினாவில் இருப்பதைப் போலவே. ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன்தான் உள்ளே வருகிறது. கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் இதைக் கண்டதும் மூச்சை வேகப்படுத்துகின்றன. வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிடும். உடனே மூளை மூச்சை அடக்கப் பார்க்கும். ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதிப்பது போன்ற நிலை இது. இரவில் சில விநாடிகள் மூச்சு நின்று, பிறகு வாரி இழுத்துக்கொண்டு விழிப்பது இதனால்தான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பயந்துபோவார். அந்த உயரத்தில் அது சகஜம்.

பிரேக்கைத் தளர்த்துவது சிறுநீரகத்தின் வேலை. ரத்தத்தில் மிகுந்துள்ள பைகார்பனேட்டை அது சிறுநீரோடு வெளியேற்றினால்தான் மூச்சு தடையின்றி வேகமெடுக்கும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். வழியில் ஏறாமல் தங்கும் ஓய்வு நாளில் புது ரத்தம் ஊறுவதாகச் சொல்வார்கள். ஆனால் சிவப்பணுக்கள் கணிசமாகப் பெருக வாரக்கணக்காகும். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையும் இந்த பைகார்பனேட் வெளியேற்றத்தைத்தான் விரைவுபடுத்துகிறது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

திட்டம் போடும்போது பார்க்கவேண்டியது, எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதைவிட எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான். 3,000 மீட்டருக்கு மேல் ஓரிரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்கவேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜாரிலும் 4,410 மீட்டரில் உள்ள டிங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவு தங்குவது அதற்காகத்தான். ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பது அல்ல. நாம்சேயிலிருந்து 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல்வரை ஏறி, ஒரு டீ குடித்துவிட்டு, இறங்கிவந்து தூங்குவது.

உடற்பயிற்சி உங்களை மலைநோயிலிருந்து காப்பாற்றாது. கட்டுமஸ்தானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உங்களோடு வரும் ஷெர்பா கைடைப் பார்த்தும் நடக்காதீர்கள். திபெத்தியர்களைப் போலவே ஷெர்பாக்களிடமும் காணப்படும் ஈபிஏஎஸ்1 மரபணு வடிவம், உயரத்தில் ரத்தம் அளவுமீறிக் கெட்டியாகாமல் காக்கிறது. அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

தலைவலி, குமட்டல் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் உடனே இறக்கவேண்டும். 1973-ல் தொடங்கிய ஹிமாலய மீட்புச் சங்கம், டிங்போச்சேக்கு அருகிலுள்ள ஃபெரிச்சேயில் சீசன்தோறும் மருத்துவமனை நடத்துகிறது.

ஏற எட்டு நாள், இறங்க மூன்று நான்கு நாள். மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும். அப்போதும் லுக்லாவில் மேகம் இறங்கிவிட்டால் விமானம் பறக்காது; காத்மாண்டுவிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போடும்போது நடுவில் இரண்டு நாளாவது காலியாக விடுங்கள்.