செயற்கூறுகளுக்கு வகைக் குறிப்பு

கணிப்பொறி நிரலின் அடிப்படை உறுப்பு செயற்கூறு ஆகும். சில மதிப்புகளை ஏற்று, ஒரு விடையைத் திருப்பித் தருவது அதன் பணி. ஏற்கும் மதிப்பு எண்ணா, எழுத்துச் சரமா, தரும் விடை எவ்வகையைச் சார்ந்தது என்பவற்றைச் செயற்கூற்றின் தலைப்பு வரியிலேயே அறிவிப்பது வகைக் குறிப்பு எனப்படும்.

கூலிக் கணக்கில் ஒரு பிழை

இதன் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள போனக்காடு, அகத்தியமலைப் பகுதியில் தேயிலைத் தோட்டத்தால் உருவான ஊராகும். இத்தகைய தோட்டமொன்றில் ஒரு தொழிலாளி கூடுதலாகப் பறித்த கொழுந்து 12 கிலோ என்றும், கிலோவுக்கு ஊக்கத்தொகை 3 ரூபாய் என்றும் கொள்வோம். அவருக்குரிய தொகை 36 ரூபாய். ஆனால், விசைப்பலகை வழியே தரப்படும் 12 என்பதைப் பைத்தான் மொழி எண்ணாக அன்றி, எழுத்துச் சரமாகவே பெறுகிறது. அதனை எண்ணாக மாற்றாமல் 3 ஆல் பெருக்கினால் பிழைச் செய்தி எதுவும் எழாது. சரம் மும்முறை அடுக்கப்பட்டு 121212 என்னும் விடை வரும். தவறு பேரேட்டில் ஏறிய பின்னரே கண்ணில் படும். திருத்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டியவர் தொழிலாளியே.

செயற்கூற்றின் தலைப்பு வரி, 'ஊக்கத்தொகை (எடை: முழு எண், வீதம்: முழு எண்) -> முழு எண்' என்னும் அமைப்பில் எழுதப்பட்டிருப்பின், சரிபார்ப்புக் கருவி இம்முரண்பாட்டை நிரல் இயங்குமுன்பே சுட்டிக்காட்டிவிடும்.

மொழிகள் மாறிய விதம்

இவ்வசதி சில மொழிகளில் பின்னரே சேர்க்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு நூல் வழியே பரவிய சி மொழியில், செயற்கூற்றை அழைக்குமிடத்தில் அளபுருக்களின் வகை சரிபார்க்கப்படவில்லை. சி++ மொழியிலிருந்து பெற்ற முன்வடிவ முறையை 1989ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் சேர்த்தது. எனினும், எழுதப்பட்டிருந்த நிரல்கள் பயனற்றுப் போகாதிருக்கப் பழைய முறையும் அனுமதிக்கப்பட்டது; 2024இல் வெளியான தரநிர்ணயத்திலேயே அது நீக்கப்பட்டது.

பைத்தான் மொழி 2008இல் குறிப்பு எழுத இடமளித்தது; 2015இல் வெளிவந்த 3.5 பதிப்பு அதற்குத் திட்டமான பொருளை வகுத்தது. இக்குறிப்பு கட்டாயமன்று. நிரல் இயங்கும்போது மொழி இதனைப் பரிசோதிப்பதுமில்லை. மைபை போன்ற தனிக் கருவியே சரிபார்க்கிறது. ஆகவே, பெரிய அலுவலக நிரல்களில் ஒவ்வொரு செயற்கூறாகக் குறிப்பைச் சேர்த்து வர இயலும்.

வரம்புகள்

வகைக் குறிப்பு எல்லாப் பிழைகளையும் தடுத்துவிடாது. கிலோவும் கிராமும் எண்களே. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டால் கருவி அறியாது. அலகைப் பெயரிலேயே குறிப்பதும், தெரிந்த கணக்கைக் கொண்டு சோதிப்பதும் தேவை.

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் முதல் இயலிலேயே வகையுடனும் வகையின்றியும் அளபுருக்களை எழுதும் முறைகளை விளக்குகிறது. மக்களின் கூலியையும் ஓய்வூதியத்தையும் கணக்கிடும் நிரல்களில் இப்பாடம் நடைமுறைக்கு வருதல் வேண்டும்.