மெல்லுந்திறனை அளத்தல்: தாடை மூட்டு நோயும் பூநகரி உணவும்

பூநகரியின் உணவைப் பற்றிப் பேசுவோர் பனையை விடுத்துப் பேசுதல் அரிது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் மிக இறுகியது; அதனைத் தேங்காய்ச் சொட்டுடன் மெல்லுதற்குப் பல்லின் உறுதி மட்டும் போதாது. கீழ்த்தாடை மண்டையோட்டுடன் பொருந்தும் மூட்டும் அதனை இயக்குந் தசைகளும் நோவின்றித் தொழிற்படல் வேண்டும். இவற்றிற் கோளாறு தோன்றின் காதின் முன்புறத்தே நோவும், வாய் திறக்கையில் மூட்டில் ஒலியும், தாடை இறுகுதலும் ஏற்படலாம். இத்தகையோரின் மெல்லுந்திறனை அளப்பது எங்ஙனம் என்பதே நாம் ஈண்டு ஆராயும் வினா.

அளத்தற்கு இரு வழிகள் உள. முதலாவது, மென்ற உணவையே அளப்பது. 1950 இல் மான்லி, பிறேலி ஆகியோர் கச்சானைக் குறித்த தடவைகள் மெல்லச் செய்து, அதனை அரிதட்டில் அரித்து, எவ்வளவு நொறுங்கிற்று எனக் கணித்தனர். பின்னர் சிலிக்கோன் துண்டுகளும் இருநிறச் சுயிங்கமும் பயன்படலாயின. ஆயினும் இம்முறை நொறுங்கிய அளவைக் கூறுமேயன்றி, நொறுக்கியவர் பட்ட நோவைக் கூறாது. பல் இழந்தோரிடத்துக் குறை பல்லினதா மூட்டினதா என்பதையும் அது தனித்துக் காட்டாது.

இரண்டாவது, நோயாளியையே வினாவுதல். 2008 இல் வெளியான தாடைத் தொழிற்பாட்டு மட்டுப்பாட்டு அளவீடு 20 வினாக்களைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி இடப்படும். இடரின் காரணமாக ஓர் உணவை முற்றாகக் கைவிட்டவருக்கு 10 இடுக என்பது அதன் விதி. இவ்விதி பெரிதும் பொருளுடையது. புழுக்கொடியலை விட்டுக் கஞ்சிக்கு மாறிய முதியவர் "சாப்பாட்டிற் கரைச்சல் இல்லை" என்றே கூறக்கூடும். அவர் இழந்ததை வினாவே வெளிக்கொணர வேண்டும்.

ஆனால் அவ்வளவீடு எடுத்துக்காட்டும் உணவுகள் சூட்டடுப்பிற் சமைத்த கோழியிறைச்சி, மக்கறோனி, அப்பிட்பழக் கூழ் போன்றன. இவற்றை உண்டறியாதவரிடம் பெறும் புள்ளி எதனை அளக்கும்? ஆகவே கஞ்சி, குழைந்த சோறு, புட்டு, மொட்டைக்கறுப்பன் சோறு, முறுக்கு, பினாட்டு, புழுக்கொடியல் என இவ்விடத்து உணவுகளைக் கொண்டே வினாக்களை அமைத்தல் தகும் என்பது எமது கருத்து. அவ்வாறு மாற்றிய வினாக்கள் நம்பகமானவையா என்பதும் மீளச் சோதிக்கப்படல் வேண்டும்.

பிறிதொன்றும் கருதற்பாலது. வாய் 40 மில்லிமீற்றருக்குக் குறைவாகத் திறப்பின் அது மூட்டு நோயாலேயே எனத் துணிதல் பிழையாகலாம். பாக்கு மெல்லும் வழக்கமுடையோரிற் கன்னத்தின் உட்புறம் நார்த்தன்மையுற்று இறுகுவதாலும் வாய் திறத்தல் குறையும். அந்நோய் புற்றுநோயாக மாறக்கூடியது. எனவே கன்னத்தின் உட்புறத்தையும் சோதித்தல் இன்றியமையாதது.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாத கிராமிய மருத்துவ நிலையத்திலும் ஓர் அளவுகோலும் பொருத்தமான வினாக்களும் இருத்தல் கூடும். தான் உண்ணும் உணவின் பெயரால் வினவப்படும்போதே நோயாளி தன் நோவை அளந்து கூற வல்லவராகின்றார்.