விருது மேடைக்கு அப்பால்

இசைக்குழுப் பெண்களின் போராட்டத்தைத் திரைப்படங்கள் எந்தளவுக்கு உண்மையாகக் காட்டுகின்றன? 2017இல் வெளியான 'சீக்ரெட் சூப்பர்ஸ்டார்' இந்திப் படத்தில், கிற்றார் வாசித்துப் பாடும் முஸ்லிம் சிறுமிக்குத் தந்தையே தடையாகின்றார். முகத்தை மறைத்துப் பாடிப் புகழடைகின்றாள். விருது மேடையோடு கதை முடிகின்றது. வீட்டுத் தடையைப் படம் நேர்மையாகவே சித்திரிக்கின்றது.

ஆனால், காஷ்மீரின் 'பிரகாஷ்' என்ற மூன்று மாணவிகளின் றொக் இசைக்குழுவுக்கு, 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் விருது கிடைத்த பின்னரே சோதனை ஆரம்பமாகியது. இணையத்தில் மிரட்டல்கள் குவிந்தன. அவர்களது இசை இஸ்லாத்துக்கு முரணானது எனத் தலைமை முப்தியும் அறிவித்தார். 2013 பெப்ரவரியில் குழு கலைந்தது.

இசை பற்றிய மார்க்கக் கருத்துவேறுபாடு வேறு. பிள்ளைகளை மிரட்டுவது வேறு. ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் இத்தகைய படங்களைப் பார்க்கும் நாம், மேடையை விட்டு இறங்கும் பெண்பிள்ளையை ஊர் எவ்வாறு நடத்துகின்றது என்பதையே சிந்திக்க வேண்டும்.