பின் கழன்றாலும் பெட்டி ஓடாதிருக்க
படகும் பாரமும் ஏற்றும் இழுவைப் பெட்டிக்குக் காப்புச் சங்கிலி

எமது மக்களின் இடப்பெயர்வு வரலாற்றை எழுத முனையும் எவரும் உழவு இயந்திரத்தையும் அதன் பின்னால் கொளுவிய பெட்டியையும் விட்டுவிட்டு எழுத முடியாது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் மேற்கிலிருந்து கிழக்காக மீண்டும் மீண்டும் நகர நேர்ந்தபோதும், நெல் மூடை, கூரைத் தகடு, கதவு நிலை, நீரிறைக்கும் இயந்திரம், நடக்க முடியாத முதியோர், கைக்குழந்தை என எல்லாம் அந்தப் பெட்டியில்தான் ஏறின. கரையோரத்தவர் சிலர் தம் படகுகளையும் அதிலேயே ஏற்றினர்.

2009இல் போர் ஓய்ந்தது. பெட்டியின் வேலை ஓயவில்லை. மீளக் குடியேறியவர்களும், இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்களும் அதனையே நம்பியிருக்கின்றனர். வயலோடு குளத்து மீனையும் களப்பு மீனையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு, பசளை ஏற்றும் பெட்டியே படகு ஏற்றும் பெட்டியுமாகிறது. சொந்தப் பெட்டி இல்லாதவர் இரவல் வாங்குகிறார். ஒருவருடைய இயந்திரத்திற்கு இன்னொருவருடைய பெட்டி கொளுவப்படுகிறது.

இத்தனை பாரத்தையும் இத்தனை உயிர்களையும் இயந்திரத்தோடு பிணைத்து வைத்திருப்பது எது? ஒரேயொரு இரும்புப் பின். அந்தப் பின் கழன்றாலும் பெட்டி எம்மை விட்டு ஓடாதிருக்கச் செய்யும் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. அதுவே காப்புச் சங்கிலி. அதனை முறையாகப் பூட்டுவது எப்படி என்பதை இவ்விதழில் பார்ப்போம்.

பின் ஏன் கழல்கிறது?

பெரும்பாலும் பின் உடைவதில்லை, துள்ளி வெளியேறுகிறது. இரவல் பெட்டியின் வளையத் துளை பெரிதாகவும் பின் மெல்லியதாகவும் இருந்தால் ஒவ்வொரு குழியிலும் அது மேலும் கீழும் ஆடும். பின்னின் அடியில் பூட்டுக் கிளிப் இருக்க வேண்டும். அது தொலைந்ததும் ஓர் ஆணியை வளைத்துச் செருகுகிறோம், அல்லது கம்பித் துண்டால் சுற்றிவிடுகிறோம். சிலர் கட்டட வேலைக்கான கம்பியில் ஒரு துண்டை வெட்டிப் பின்னாகவே போட்டுவிடுகின்றனர். நாளடைவில் அது தேய்ந்து, வளைந்து, ஒரு நாள் போய்விடுகிறது.

இரண்டாவது காரணம் பாரம் ஏற்றும் முறை. மாட்டு வண்டி ஓட்டிய எமது பெரியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பவற்றை விளக்கத் தேவையில்லை. பின்பாரம் கூடினால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்தை இறுக்கும். இரண்டு சில்லுப் பெட்டியிலும் அதே கதைதான். அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்னால் நீண்டிருக்கும் இழுவைச் சட்டம் மேலெழும்ப முயலும். பின்னையும் தன்னோடு மேலே இழுக்கும். ஆதலால் பாரத்தில் சற்று அதிகமான பங்கு அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மிஞ்சி முன்னால் ஏற்றினால் உழவு இயந்திரத்தின் முன்சில்லுகள் பாரம் குறைந்து, திருப்புவது கடினமாகும்.

பின் கழன்றதும் நடப்பது இரண்டில் ஒன்று. முன்பாரமான பெட்டியின் இழுவைச் சட்டம் நிலத்தில் குத்தும். வேகமாகப் போனால் பெட்டி குப்புறப் புரளும். பின்பாரமான பெட்டி பின்னால் சாய்ந்து, மேட்டு வீதியானால் வந்த வழியே உருளும். பின்னால் துவிச்சக்கர வண்டியில் வருபவருக்கும், பள்ளி விட்டு நடந்து வரும் பிள்ளைகளுக்கும் விலகிக்கொள்ள நேரம் இராது.

எத்தகைய சங்கிலி?

இரண்டு சங்கிலிகள் தேவை. ஒவ்வொன்றும் தனித்தே முழுப் பாரத்தையும் தாங்கக் கூடியதாக இருக்க வேண்டும். வெட்டி இழுக்கும் வேளையில் இரண்டும் சமமாகப் பங்கெடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். நெல் மூடை ஒன்று 65 கிலோ என்றால் 30 மூடை ஏறக்குறைய 2 தொன். பெட்டியின் சொந்த நிறை 1 தொன் என்று வைத்தால் மொத்தம் 3 தொன். வளையக் கம்பி 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள தரமான சாதாரண உருக்குச் சங்கிலி ஏறக்குறைய 3 தொன்னில் அறும். 10 மில்லிமீற்றர் சங்கிலி ஏறக்குறைய 5 தொன் வரை தாங்கும். எனவே நெல் ஏற்றும் பெட்டிக்கு 10 மில்லிமீற்றரே பொருத்தம். சிறு படகு மட்டும் ஏற்றும் இலேசான பெட்டிக்கு 8 மில்லிமீற்றர் போதும். ஒரே பெட்டியில் இரண்டும் ஏறுமானால், கூடிய பாரத்தை வைத்தே சங்கிலியைத் தெரிவு செய்யுங்கள்.

மாடு கட்டும் சங்கிலியும், கேற்றுப் பூட்டும் சங்கிலியும் இதற்கு உதவா. நைலோன் கயிறும் மாற்றாகாது. அது இழுபடும், கூரிய இரும்பில் உரஞ்சி அறும். பழைய சங்கிலி வாங்குவதானால் வளையங்கள் ஒன்றோடொன்று தொடும் இடத்தைப் பாருங்கள். தேய்வும் துருவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தடிப்பில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அச்சங்கிலியை விட்டுவிடுங்கள். களப்பு நீரில் இறங்கும் பெட்டிக்குத் துத்தநாகம் பூசிய சங்கிலியே நன்று.

எங்கே பூட்டுவது?

பெட்டிப் பக்கத்தில், இழுவைச் சட்டத்தின் நுனி வளையத்தில் அல்ல, அதற்குப் பின்னால் பெட்டியின் பிரதான சட்டத்தோடு பூட்டுங்கள். நுனி உடைந்து போனாலும் சங்கிலி பெட்டியைப் பிடித்திருக்க வேண்டும் அல்லவா? சங்கிலி வளையத்தை நேரே சட்டத்தில் வைத்து வெல்டிங் செய்யக் கூடாது. சூட்டினால், விசேடமாக உயர்தர உருக்கினால் செய்த சங்கிலி, தன் பலத்தை இழந்துவிடும். துளையிட்ட தடித்த தகட்டைச் சட்டத்தின் இரு பக்கமும் போல்ற் போட்டு இறுக்கி, அல்லது நல்ல வேலையாளைக் கொண்டு ஒட்டுவித்து, அத்துளையில் ஷக்கிள் மூலம் சங்கிலியைக் கொளுவுங்கள். ஷக்கிளின் திருகாணி அதிர்வில் கழலாதபடி கம்பியால் கட்டிவிடுங்கள். கடற்றொழில் செய்வோருக்கு இது பழகிய வேலை.

இயந்திரப் பக்கத்தில் மூன்று இடங்களைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, பெட்டியை இழுக்கும் அதே பின். பின் போனால் சங்கிலியும் சேர்ந்தே போகும். இரண்டாவது, கலப்பையைத் தூக்கும் கைகள். அவை மேலும் கீழும் அசைவன. பக்கவாட்டு வெட்டுக்கு ஏற்றவையல்ல. மூன்றாவது, பின்னச்சுக்கு மேலான எந்த இடமும். உயரத்தில் இழுவை விழுந்தால் இயந்திரத்தின் முன்பக்கம் மேலெழும்பிப் பின்னால் புரளும் அபாயம் உண்டு. பின்னச்சுக்குக் கீழே, இழுவைக் கட்டையைத் தாங்கி நிற்கும் உறுதியான சட்டமே ஏற்ற இடம்.

குறுக்காகப் பூட்டுங்கள்

பலர் வலப்பக்கச் சங்கிலியை வலப்பக்கத்திலும் இடப்பக்கத்தை இடப்பக்கத்திலும் நேராகக் கொளுவுகின்றனர். அது போதாது. இழுவைச் சட்டத்தின் அடியால் இரண்டையும் குறுக்காக எடுத்து, வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் இடப்பக்கத்ததை வலப்பக்கத்திலும் பூட்ட வேண்டும். அப்போது சங்கிலிகள் ஏணை போலச் சட்டத்தின் கீழே நிற்கும். பின் கழன்று சட்டம் விழுந்தாலும் நிலத்தில் குத்தாது. அந்த ஏணையில் தங்கும். புரள்வதைத் தடுப்பது இதுதான்.

கொளுக்கி பாவிப்பதானால், வாய்க்கு நாக்குப் பூட்டுள்ள கொளுக்கியாக இருக்கட்டும். அதனைக் கீழிருந்து மேலாகச் செருகுங்கள். மேலிருந்து போட்ட கொளுக்கி குழியில் துள்ளி விழக் கூடும்.

சங்கிலியின் நீளத்தை இப்படிச் சரிபாருங்கள். பாரம் ஏற்றுமுன் இயந்திரத்தை வலமும் இடமுமாக முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சங்கிலி இறுகக் கூடாது, ரயரில் உரஞ்சவும் கூடாது. நேராக நிற்கும்போது நிலத்தைத் தொடக் கூடாது. தொட்டால் வீதியில் இழுபட்டுச் சில நாட்களில் தேய்ந்துவிடும். நீளம் கூடினால் வேறோர் ஆபத்தும் உண்டு. பெட்டி தூரம் விலகிப் பின் சங்கிலியில் வந்து வெட்டும்போது, அந்த வெட்டு அதன் நிறையிலும் பல மடங்காகும். மிஞ்சிய நீளத்தை முறுக்கியோ முடிச்சிட்டோ குறைக்காதீர்கள். இரண்டும் பலத்தைக் குறைக்கும். முன்னுள்ள வளையத்தில் கொளுவி, மிச்சத்தைத் தனியே கட்டிவிடுங்கள்.

இரண்டு சில்லு உழவு இயந்திரம், அதாவது லான்ட்மாஸ்டர் பாவிப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஓட்டுநரே பெட்டியில்தான் அமர்ந்திருக்கிறார். பின் கழன்றால் முதலில் விழுபவர் அவரே. அது கூர்மையாகத் திரும்பும் வாகனமாதலால் சங்கிலியின் நீளத்தைத் திருப்பிப் பார்த்தே முடிவு செய்தல் அவசியம்.

படகு ஏற்றும்போது

காப்புச் சங்கிலி பெட்டியைப் பிடிக்குமே தவிரப் படகைப் பிடிக்காது. படகை வேறாகக் கட்ட வேண்டும். அணியம் முன்னோக்கி இருக்கட்டும். அணியத்தை முன்சட்டத்தோடும், பின்பக்கத்தை இரு மூலைகளோடும், நடுவே குறுக்காகவும் கட்டுங்கள். கயிறு படும் இடத்தில் பழைய ரியூப் துண்டை வையுங்கள்.

படகின் வெளியிணைப்பு இயந்திரம் பின்முனையில் தொங்குவதால் பின்பாரம் தானாகவே வந்துவிடும். இயலுமானால் அதைக் கழற்றிப் பெட்டியின் முன்பகுதியில் படுக்க வைத்துக் கட்டுங்கள். எண்ணெய்க் கலன்களும் வலையும் முன்னாலேயே இருக்கட்டும்.

பலரும் மறக்கும் விடயம் மழைநீர். உள்ளே 5 மீற்றர் நீளமும் சராசரி 1 மீற்றர் அகலமும் உள்ள படகில் 10 சென்ரிமீற்றர் நீர் நின்றால் அது 500 லீற்றர். அதாவது அரைத் தொன். மேடு ஏறும்போது அவ்வளவும் பின்னால் ஓடி, ஒரு நொடியில் பின்பாரமாகும். புறப்படுமுன் நீரை இறைத்து, அடிப்பகுதியின் அடைப்பைக் கழற்றி வையுங்கள். படகை நீரில் இறக்குமுன் அதை மீண்டும் பூட்ட மறவாதீர்கள்.

உப்பு நீரில் இறங்கிய பெட்டியையும் சங்கிலியையும் அன்றைக்கே நன்னீரால் கழுவுங்கள்.

பூட்டும் ஒழுங்கு, கழற்றும் ஒழுங்கு

பூட்டும்போது முதலில் பின், அடுத்துக் கிளிப், அதன்பின் சங்கிலி. கழற்றும்போது முதலில் பெட்டியின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அதன் பின்னரே சங்கிலியையும் பின்னையும் கழற்றுங்கள். அரைக் கட்டை தூரம் ஓடியதும் ஒருமுறை நிறுத்திப் பின், கிளிப், சங்கிலி, கட்டுக்கயிறு நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். குழிகளில் எது இளகும் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

ஓடும்போது பின் கழன்றால் சடுதியாகத் தடுப்பை மிதிக்க வேண்டாம். எமது பெட்டிகளில் பலவற்றுக்குச் சொந்தத் தடுப்பு இல்லை. நீங்கள் நின்றாலும் பெட்டி நிற்காது, இயந்திரத்தில் வந்து மோதும். வேகத்தை மெல்லக் குறைத்து, வீதியோரமாக ஒதுங்கி நிறுத்துங்கள். நின்றதும் முதல் வேலை சில்லுகளுக்குக் கட்டை வைப்பதே.

சங்கிலியால் ஆகாதது

சங்கிலி பூட்டியாயிற்று என்று பாரத்தையும் வேகத்தையும் கூட்டுவது ஏற்பாட்டின் நோக்கத்தையே கெடுத்துவிடும். சங்கிலி இழுப்பதற்கானதல்ல, நிறுத்தும்வரை பிடித்து வைப்பதற்கானது. ஒருமுறை வெட்டு வாங்கிய சங்கிலியை மீண்டும் நம்பக் கூடாது. வளையம் நீண்டிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும். அவ்வாறே, பெட்டியில் ஏற்றிய பாரத்தின் மேல் பிள்ளைகளை இருத்துவதற்கு எந்தச் சங்கிலியும் அனுமதி தராது. அன்று ஓடித் தப்ப வேறு வழி இருக்கவில்லை. இன்று வேறு வழி இருக்கும் இடங்களிலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. கார்பெற் போட்ட வீதிகளில் எல்லா வாகனங்களும் முன்னிலும் வேகமாக ஓடுகின்றன. விழுபவருக்கு ஆபத்தும் அதற்கேற்பக் கூடியுள்ளது.

பிற நாடுகளில் இவ்விடயம் சட்டமாகவே உள்ளது. அவுஸ்திரேலியாவில் கார் போன்ற வாகனங்கள் இழுக்கும் பெட்டி 2,500 கிலோ வரையாயின் குறைந்தது ஒரு காப்புச் சங்கிலியும், அதற்கு மேல் 3,500 கிலோ வரை இரண்டும் வேண்டும். சட்டம் வற்புறுத்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

செலவை நினைத்துத் தயங்குவோர் கூடிச் செய்யலாம். கமக்காரர் அமைப்போ மீனவர் சங்கமோ இரண்டு சங்கிலி, நான்கு ஷக்கிள், அளவான ஒரு பின், இரண்டு கிளிப் என ஒரு தொகுதியை வாங்கி வைத்து, இரவல் பெட்டி எடுப்பவருக்குப் பெட்டியோடு சேர்த்தே கொடுக்கலாம். பூட்டும் தகடுகளை ஊரிலுள்ள பெட்டிகள் அனைத்துக்கும் ஒரே நாளில் பொருத்துவித்தால் கூலியும் குறையும். எந்தப் பெட்டிக்கும் எந்தச் சங்கிலியும் பொருந்தும்.

இடம்பெயர்ந்த காலத்தில் பலவற்றை இழந்து, மிஞ்சியதைக் கொண்டு மீண்டும் தொடங்கியவர்கள் நாம். அடுத்த அறுவடைக்கு முன், எமது பெட்டியின் பின்னையும் வளையத்தையும் ஒருமுறை குனிந்து பார்ப்போம். சங்கிலி இல்லையெனில், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் விடயமாக அதனைச் சேர்த்துக்கொள்வோம்.