தைப்பூச ரயிலில் பச்சைப் பிள்ளைகள்: தாய் தகப்பன் கவனத்திற்கு



தைப்பூசம் நெருங்கிவிட்டால் நம் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு உறக்கம் ஏது? ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கமிருந்தும், பத்தாங் காலி, கோல குபு பாரு பக்கமிருந்தும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் பத்துமலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். 1892-ம் ஆண்டு முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. நம் பாட்டன் பாட்டி போன பாதை அது. போக வேண்டாம் என்று சொல்ல இந்தப் பகுதிக்கு வேலையில்லை. இடுப்பில் இருக்கும் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதே நம் பேச்சு.

2010-ம் ஆண்டு முதல் கொமுட்டர் ரயில் பத்துமலை வாசல் வரை போகிறது. தைப்பூச நாட்களில் அது இரவு முழுவதும் ஓடுவது வழக்கமாகிவிட்டது. கோல குபு பாரு, ராசா, பத்தாங் காலி, செரண்டா ஊர்க்காரர்கள் சொந்த ஊரிலேயே ஏறலாம். கோல சிலாங்கூர் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாததால் அவர்கள் ரவாங் அல்லது சுங்கை பூலோவுக்கு முதலில் வர வேண்டும். பிறகு புத்ரா நிலையத்தில் இறங்கி, பத்துமலை ரயிலுக்கு மாற வேண்டும். சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பி, மறுநாள் உச்சி வெயிலில் திரும்பினால், பிள்ளை எத்தனை மணி நேரம் தூளியும் பாயும் இல்லாமல் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"ஒரு ராத்திரிதானே, புள்ள தாங்கிக்கும்" என்பார்கள். தாங்காது அம்மா. 1 வயது, 2 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறும். அதிலுள்ள தண்ணீரும் சீக்கிரம் வற்றும். நமக்குத் தாகம் எடுத்தால் கேட்டு வாங்கிக் குடிப்போம். பிள்ளைக்கு அழ மட்டும்தான் தெரியும். அந்த மேளச் சத்தத்தில் அழுகை யார் காதில் விழும்?

நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்

ராத்திரி முழுக்க ரயில் ஓடுவதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. எல்லாரும் போகும் நேரத்தில்தான் நாமும் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிள்ளையை வழக்கம்போல் 8 மணிக்கு வீட்டிலேயே படுக்க வையுங்கள். விடியற்காலையில் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பும் ரயிலில் இருங்கள். ரயில் நேரம் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் முன்கூட்டியே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். பிள்ளைக்கு மொட்டை போடுவதானால் தைப்பூசத்தன்றுதான் போட வேண்டும் என்றில்லை. கூட்டமில்லாத வேறொரு நாளில் நிதானமாகப் போடலாம். எந்த நாளானாலும் புது பிளேடு மாற்றச் சொல்லி, மாற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகே தலையைக் கொடுங்கள்.

ஒரே மோட்டார் சைக்கிளில் அப்பா, அம்மா, நடுவில் இரண்டு பிள்ளைகள் என்று இருட்டில் ரயில் நிலையத்துக்குப் போவதை இன்றும் காண்கிறோம். முழுப் பயணத்திலும் ஆபத்தான பகுதி இதுதான்! பக்கத்து வீட்டாருடன் சேர்ந்து வாடகைக்காவது ஒரு வண்டி பேசுங்கள்.

நிலையத்தில் ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். நடக்கத் தெரிந்த பிள்ளையானாலும் அந்த இடத்தில் தூக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் பிள்ளையை மட்டும் தூக்கட்டும், மற்றவர் பையைத் தூக்கட்டும். ரயிலின் நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. தாய்மார்கள் பாலூட்ட அது வசதி. வேர்வையில் நனைந்த சட்டையோடு குளிர்சாதனப் பெட்டியில் உட்கார வைக்காமல், மாற்றுச் சட்டை போட்டு, ஒரு கைலியால் போர்த்திவிடுங்கள். புறப்படும் முன் அன்று போட்ட உடுப்போடு பிள்ளையைப் போனில் ஒரு படம் எடுங்கள். உங்கள் போன் நம்பரைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். காணாமல் போனால் தேட இவை இரண்டும் உதவும்.

பால், தண்ணீர், பலகாரம்

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பத்திரமான உணவு வேறில்லை. 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். மாவுப்பால் குடிக்கும் பிள்ளையென்றால், வீட்டிலேயே கலக்கிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போகாதீர்கள். கலக்கிய பால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கிருமி பெருகும். கொதித்த நீரைப் பிளாஸ்க்கிலும், மாவைத் தனி டப்பாவிலும் எடுத்துப்போய், வேண்டும்போது கலக்கி, ஆற வைத்துக் கொடுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பலகாரத்தில் இரண்டு எச்சரிக்கை. பஞ்சாமிர்தத்தில் தேன் சேர்ப்பார்கள். 1 வயது நிறையாத பிள்ளைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைப் பிள்ளையின் குடலில் விஷத்தை உண்டாக்கி, கை கால்களைத் துவள வைத்து, மூச்சையும் நிறுத்திவிடக்கூடும். அடுத்தது கச்சானும் கொண்டைக்கடலையும். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுசாகக் கொடுத்தால், ஆடும் ரயிலில் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். பிள்ளையைக் குனிய வைத்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். அதே நேரம் உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

வயிற்றுப்போக்கு கண்டால் கலர் தண்ணீர், இனிப்புப் பானம் எதுவும் கொடுக்காதீர்கள், போக்கு அதிகமாகும். கிளினிக்கிலும் மருந்துக்கடையிலும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் கிடைக்கும். பையில் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள்; எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்று அதிலேயே எழுதியிருக்கும். பொட்டலம் இல்லையா? 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக்கூடாது, உப்பு கூடினால் ஆபத்து. 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1971-ல் வங்கத்து அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாயில் கலக்கி, குடும்பத்தார் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்க வைத்தார். 100-க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 100-க்கு 4 பேருக்கும் கீழே வந்தது.

இந்த அடையாளம் கண்டால் காத்திருக்காதீர்கள்

பேம்பர்ஸ் 6 மணி நேரமாக நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் வறண்டு கண் குழி விழுந்திருக்கிறது, எழுப்பினாலும் துவண்டு துவண்டு விழுகிறது – இவற்றில் ஒன்று கண்டாலும் "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று ரயிலேறாதீர்கள். அங்கேயே முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அல்லது 999-க்குப் போன் செய்யுங்கள்.

காய்ச்சலோ, வாயிலும் கையிலும் கொப்புளமோ இருக்கும் பிள்ளையைப் பயணத்துக்கே கூட்டிப்போக வேண்டாம். அதற்கும் நல்லதல்ல, பெட்டியிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுப்போகலாம். இல்லையேல் தாய் தகப்பனில் ஒருவர் வீட்டில் இருக்கலாம். அது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது!

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தட்டம்மைத் தடுப்பூசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போட வேண்டும். விட்டிருந்தால் உடனே கிளினிக் மிஸ்ஸியைப் போய்ப் பாருங்கள். லட்சக்கணக்கான ஜனம் கூடும் இடத்துக்குப் போகும் பிள்ளைக்கு அந்த ஊசியே முதல் பாதுகாப்பு.