ஜம்ஷீத் தொடங்கிய புத்தாண்டு



சித்திரை விசு அன்று கண்ணாடி, பழம், நாணயம் வைத்துக் கனி காண்பது தென்காசி, குற்றாலம் பக்கத்து வழக்கம். ஈரானியர்களும் தங்கள் புத்தாண்டில் இவற்றையெல்லாம் பரப்பி வைப்பார்கள். பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21-ஐ ஒட்டி வரும் அந்த நாள், நவ்ரோஸ்.

அதைத் தொடங்கி வைத்தவர் புராண மன்னர் ஜம்ஷீத் என்கிறது, கவிஞர் பிர்தௌசி 1010-ல் முடித்த ஷாநாமா காவியம். ஜம்ஷீத் மக்களுக்கு நெசவும் மருத்துவமும் கற்றுத் தந்து 700 ஆண்டுகள் ஆண்டாராம். கடைசியில் ‘நானே கடவுள்’ என்று இறுமாந்தார். தெய்வ அருள் விலகியது, அரியணையும் போயிற்று.

ஈரானிய வழிவந்த நம் நாட்டுப் பார்சிகள் ‘ஜம்ஷீதி நவ்ரோஸ்’ என்று இவர் பெயரிலேயே கொண்டாடுகிறார்கள். அவர்களுடைய அக்னிக் கோயில் ஒன்று சென்னை ராயபுரத்தில் 1910 முதல் இருந்து வருகிறது.